வீட்டுக்காரரைக் காணோம்

அப்பா: கடைசியா எப்ப பாத்த?

மகள்: தூங்கறதுக்கு முன்னாடி. அப்ப டப்பாக்குள்ளதான் இருந்துச்சு.

அப்பா: எந்த டப்பா?

மகள்: சோப்பு டப்பாப்பா. அம்மாவோடது.

அப்பா: அம்மாவோட சோப்பு டப்பாவுலயா நண்டை வெச்ச? உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திடி.

மகள்: மெதுவா பேசுங்க. உருண்டை முழிச்சுக்குவான்.

அப்பா: உன் தம்பியா? அவன் தூங்கினா இடி விழுந்தாலும் புரண்டுதான் படுப்பான். சரி, எனக்கு முதல்ல ஒண்ணு சொல்லு. அது நண்டா, சங்கா?

மகள்: ரெண்டும். வெளிய சங்கு, உள்ள நண்டு. வெறும் சங்குன்னு நெனச்சுத்தான் நேத்து சாயங்காலம் பொறுக்கிட்டு வந்தேன். ரூமுக்கு வந்து கழுவினா... காலை நீட்டுது.

அப்பா: ஓ, காலியா கிடந்த சங்குக்குள்ள குடி போயிருக்கு.

மகள்: ஆமா. போற இடத்துக்கெல்லாம் வீட்டைத் தூக்கிட்டே போகுது. அதான் அதுக்குப் பேரு வீட்டுக்காரர்.

அப்பா: பேரு வேற வெச்சாச்சா? வாடகை குடுக்கிற நம்மளைவிட வசதியான ஆளுதான்.

மகள்: சிரிக்காதீங்கப்பா. பதினோரு மணிக்கு ஊருக்குத் திரும்பப் படகு. அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் கடல்ல விடணும். இல்லன்னா துணியோட துணியா பெட்டிக்குள்ள போயி... செத்துடும்.

அப்பா: இப்ப ஒம்பதே கால். அம்மா எங்க?

மகள்: ரூம் கணக்கை முடிச்சுட்டு, வழியில சாப்பிட பன்னு வாங்கிட்டு வர்றேன்னாங்க.

அப்பா: அவளுக்குத் தெரிஞ்சா?

மகள்: உயிருள்ள எதையும் ரூமுக்குள்ள கொண்டு வரக் கூடாதுன்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்கல்ல.

அப்பா: பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிக்கிறவ. நண்டுன்னு தெரிஞ்சா ஊரைக் கூட்டிடுவா. சரி வா... இரு, போன் அடிக்குது.

மகள்: எடுக்காதீங்கப்பா.

அப்பா: நான் லிஃப்டு ரிப்பேர் பாக்கிற துணிக்கடைக்காரர். ரெண்டே வார்த்தை... அலோ, சொல்லுங்க. ரெண்டாவது மாடியிலயா நிக்குது? கதவு மூடிட்டு மறுபடி திறக்குதா? பயப்படாதீங்க, லிஃப்டு நல்லாத்தான் இருக்கும். கதவு ஓடுற பள்ளத்துல பொத்தானோ ஊசியோ விழுந்திருக்கும். குனிஞ்சு பாருங்க... நின்னுக்கிட்டே பாத்தா தெரியாதுங்க, குனியணும். வெக்கிறேன்.

மகள்: முடிஞ்சுதா?

அப்பா: முடிஞ்சுது, முடிஞ்சுது. மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத. எங்க விட்டோம்?

மகள்: நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

அப்பா: சரி, ஆரம்பிப்போம். லிஃப்டுக்குக் கீழ இருக்கிற குழியில சாவி விழுந்துடுச்சுன்னு கூப்பிடுவாங்கல்ல, எப்படித் தேடுவேன்னு தெரியுமா?

மகள்: தெரியாது. நீங்க சொன்னதே இல்ல.

அப்பா: நீ கேட்டதே இல்ல.

மகள்: நான் கேக்கலாம்னு வரும்போது நீங்க குழிக்குள்ள இருப்பீங்க.

அப்பா: ...அதுவும் சரிதான். இப்ப கேட்டுக்கோ. முதல்ல, அவசரப்பட்டு எதையும் நகத்தக் கூடாது. நகத்தினா தொலைஞ்சது இன்னும் நல்லாத் தொலைஞ்சு போகும். ரெண்டாவது, லைட்டை மேல இருந்து அடிக்கக் கூடாது. தரையோட தரையா வெச்சு அடிக்கணும். அப்பதான் குண்டூசிக்குக்கூட நிழல் நீளமா விழும்.

மகள்: நெஜமாவா?

அப்பா: வயிறு தரையில படுற மாதிரி படு. போன் லைட்டைப் போடுறேன். இப்ப பாரு...

மகள்: அப்பா, அங்க பெருசா ஒண்ணு.

அப்பா: உருண்டையோட பொம்மை லாரி.

மகள்: அதுக்குப் பின்னாடி?

அப்பா: என்னோட ஒத்தைச் சாக்ஸு. மூணு நாளா இதைத்தான் தேடிட்டிருந்தேன்.

மகள்: நாத்தம் குடலைப் புடுங்குதுப்பா.

அப்பா: அப்ப நண்டு இந்தப் பக்கம் வந்திருக்காது. அதுக்கும் மூக்கு இருக்கும்ல. அடுத்த இடம்.

மகள்: குழியில சாவி மட்டும்தான் விழுமா?

அப்பா: என்னென்னவோ விழும். ஒரு தடவை மோதிரம். ஒரு தடவை கல்யாணப் பத்திரிகை, மொத்தக் கட்டும். ஒரு தடவை ஒரு பெரியவரோட பல்செட்டு.

மகள்: பல்செட்டா? எப்படி விழும்?

அப்பா: லிஃப்டுல ஏறும்போது தும்மியிருக்காரு. நான் இறங்கி எடுத்துக் குடுத்தேன். வாங்கி வாயில மாட்டிக்கிட்டு, ரொம்ப நன்றி தம்பின்னாரு.

மகள்: கழுவிட்டுத்தானே மாட்டினாரு?

அப்பா: அதைக் கேக்காத.

மகள்: உவ்வே... அப்பா, இன்னொண்ணு சொல்லுங்க.

அப்பா: முதல்ல நண்டு. ஏய், அந்த ஜன்னல் திறந்திருக்கே. அது வழியாப் போயிருக்குமோ?

மகள்: இல்ல, இல்ல. உள்ளதான் இருக்கு.

அப்பா: அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்ற?

மகள்: ஜன்னல்... உயரமா இருக்குல்ல. வீட்டைத் தூக்கிட்டு எப்படி ஏறும்?

அப்பா: நியாயம்தான். ரூம் கூட்டுற அக்காவைக் கூப்பிடுவோமா? அவங்களுக்குத்தான் இங்க மூலை முடுக்கெல்லாம் தெரியும்.

மகள்: வேண்டாம்ப்பா. நாம ரெண்டு பேரே போதும்.

அப்பா: அப்ப கட்டிலைத்தான் நகத்தணும். உருண்டையோட சேத்தே தள்ளுவோம். நீ அந்தக் காலைப் பிடி... ஒண்ணு, ரெண்டு... அம்மாடி. என்னத்தப் போட்டு வளக்குறீங்க இவனை?

மகள்: அவனுக்கு அடியில நண்டு மாட்டியிருந்தா?

அப்பா: கடிச்சிருக்கும். இவன் கத்தியிருப்பான்.

மகள்: இவன் கத்த மாட்டான். திருப்பிக் கடிப்பான்.

அப்பா: அய்யோ, சிரிக்க வைக்காத, கை வழுக்குது... இன்னும் கொஞ்சம் தள்ளு. போதும், போதும். பாத்தியா, அசைஞ்சானா பாரு. இவனைப் படகுல ஏத்தி அந்தப் பக்கம் இறக்கினாலும் தெரியாது.

மகள்: அப்பா, போன் மறுபடி...

அப்பா: இது பேங்க்கு. அங்க ஆறு மாடி. அடிக்கட்டும்.

மகள்: எடுக்கலையா?

அப்பா: பேட்டரி பதினஞ்சுதான் இருக்கு. லைட்டுக்கு வேணும்ல. பிளைட் மோடுல போட்டுட்டேன்.

மகள்: அப்படின்னா?

அப்பா: யாரு கூப்பிட்டாலும் வராது. லைட்டு மட்டும் எரியும்.

மகள்: எவ்வளவு நேரத்துக்கு?

அப்பா: உன் வீட்டுக்காரர் கிடைக்கிற வரைக்கும்.

மகள்: அப்ப மெதுவாவே தேடுவோம்ப்பா. அவசரமே இல்ல.

அப்பா: அவசரம் இல்லையா? இப்பதானே செத்துடும்னு கண்ணைக் கசக்கின?

மகள்: இல்ல... நீங்கதானே சொன்னீங்க, அவசரப்பட்டா நல்லாத் தொலைஞ்சு போகும்னு.

அப்பா: என் வார்த்தையை எனக்கே திருப்பிக் குடுக்கிறியா? உங்கம்மா மகதான். சரி, அது என்ன திங்கும்?

மகள்: நேத்து பிஸ்கட் வெச்சேன். கொஞ்சம் தின்னுச்சு.

அப்பா: அப்ப தேடிப் போக வேண்டாம், அதையே வர வைப்போம். பிஸ்கட்டை நொறுக்கி நடுவுல போடு. நாம பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவோம். வா, ஒட்டி உக்காரு. மூச்சு விடாத.

மகள்: மூச்சு விடாம எப்படிப்பா...

அப்பா: சத்தமில்லாம விடு.

மகள்: ...

அப்பா: ...

மகள்: அப்பா.

அப்பா: ம்.

மகள்: உங்க மூக்குதான் விசில் அடிக்குது.

அப்பா: தூசி. கட்டிலுக்கு அடியில படுத்தேன்ல. பேசாம இரு... ஏன் தோளு தோலுரிஞ்சு கிடக்கு?

மகள்: வெயில். அஞ்சு நாளும் கடல்லயே கிடந்தா?

அப்பா: எத்தனை தடவை இறங்கின?

மகள்: பதினோரு தடவை.

அப்பா: நான்?

மகள்: ஒரு தடவை. முழங்கால் வரைக்கும். போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு.

அப்பா: அதையும் பாத்துட்டியா?

மகள்: எல்லாரும் பாத்தாங்க. பக்கத்து ரூம் பாட்டுக்கார அங்கிள்கூட, உங்கப்பா யாருக்குக் கொடி காட்டுறாருன்னு கேட்டாரு.

அப்பா: நீ என்ன சொன்ன?

மகள்: கப்பலை நிறுத்துறாருன்னு சொன்னேன்.

அப்பா: ...நல்லா சொன்ன. நீச்சல் வந்துடுச்சா உனக்கு?

மகள்: மிதக்க வருது. முந்தாநாள்தான் வந்துச்சு. அம்மா முதுகுல கை வெச்சுத் தாங்கிக்கிட்டாங்க. அப்புறம் கையை எடுத்துட்டாங்க. எடுத்ததே எனக்குத் தெரியல. வானத்தையே பாத்துட்டு இருந்தேன்.

அப்பா: அப்ப நான் எங்க இருந்தேன்?

மகள்: தென்னை மரத்துக்கு அடியில. அங்கதான் டவர் கிடைக்குதுன்னீங்க.

அப்பா: மனசுக்குக் கஷ்டமா இருக்குடி. மூணு வருஷமா போலாம் போலாம்னு சொல்லி, ஒரு வழியா உங்களைக் கூட்டிட்டு வந்தேன். நான் மட்டும் வரவே இல்ல போல.

மகள்: பரவாயில்லப்பா. இப்ப நல்லாத்தானே இருக்கு.

அப்பா: எது, சாக்ஸு நாத்தத்துல உக்காந்திருக்கிறதா?

மகள்: ஆமா. அந்தப் பல்செட்டுக் கதையை மறுபடி சொல்லுங்க. தும்முற மாதிரி நடிச்சுக் காட்டுங்க.

அப்பா: நண்டு ஓடிடும்.

மகள்: ஓடாது. சொல்லுங்க.

அப்பா: அந்தப் பெரியவர் லிஃப்டுல காலை வெச்சாரு. மூக்கு அரிக்குது. வாயைத் திறந்தாரு... ஹா... ஹா...

மகள்: அப்பா போதும், வயிறு வலிக்குது...

அப்பா: ஹச். டொடக். மேல் வரிசை முதல்ல, கீழ் வரிசை பின்னாலயே...

அம்மா: என்னங்க இது, ரூமா போர்க்களமா? கட்டில் ஏன் நடுவுல நிக்குது?

அப்பா: வந்துட்டியா... சும்மா. செருப்பு தேடுறோம்.

அம்மா: காலுல போட்டுக்கிட்டா?

அப்பா: இது வேற செருப்பு.

அம்மா: தரையில ஏன் பிஸ்கட் தூளு? செருப்புக்குப் பசிக்குமா?

அப்பா: உருண்டைதான்... தூக்கத்துல...

அம்மா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. யாரைத் தேடுறீங்க ரெண்டு பேரும்?

அப்பா: அது வந்து... வீட்டுக்காரரை.

அம்மா: என் வீட்டுக்காரரைத்தான் அஞ்சு நாளா காணோம். இப்பதான் பெட்டிக்குப் பின்னாடி கிடைச்சிருக்காரு.

அப்பா: கிண்டல் பண்ணாம கேளு. முதல்ல உக்காரு. இல்ல, கட்டில் மேலயே ஏறிக்கோ. ஒரு நண்டு. சின்னதுதான். ரூமுக்குள்ள எங்கயோ இருக்கு.

அம்மா: நண்டா? யாரு கொண்டு வந்தது?

மகள்: அம்மா, நான்...

அப்பா: நீ சும்மா இரு. நான்தான் கொண்டு வந்தேன். வெறும் சங்குன்னு நெனச்சு எடுத்துட்டு வந்து, உன் சோப்பு டப்பாவுல போட்டு வெச்சேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. திட்டணும்னா என்னைத் திட்டு.

அம்மா: எப்ப எடுத்தீங்க?

அப்பா: நேத்து சாயங்காலம். கடல் ஓரத்துல.

அம்மா: நேத்து சாயங்காலம் நீங்க கடல் பக்கமே வரலையே.

அப்பா: ...வந்திருக்கணும்.

அம்மா: ஆமா. வந்திருக்கணும்.

அப்பா: இனிமே வர்றேன். சத்தியமா. இப்ப முதல்ல நண்டு கிடைக்கட்டும்... இரு. நீ ஏன் இன்னும் கட்டில் மேல ஏறல?

அம்மா: எதுக்கு?

அப்பா: நண்டுன்னு சொல்லி இவ்வளவு நேரமாச்சு. தரையில வெறுங்காலோட நிக்கிற. கத்தக்கூட இல்ல... என்ன, சிரிக்கிறியா?

அம்மா: போதும்டி. இந்த மனுஷன் உனக்காகப் பொய்ச் சாட்சியே சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்னால அடக்க முடியாது. நீயே சொல்லிடு.

அப்பா: என்ன சொல்லணும்?

அம்மா: உள்ள வந்ததுமே நான் சொல்லியிருப்பேன். உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, வாயில விரலை வெச்சு இவதான் சாடை காட்டினா. வராந்தா வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சுங்க. அதைக் கெடுக்க எனக்கும் மனசு வரல.

அப்பா: ஏய் வாலு, என்னைப் பாரு. நண்டு எங்க?

மகள்: கடல்லப்பா. விடிஞ்சதுமே விட்டாச்சு. செத்துடுமோன்னு பயந்து நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா கண்ணை மூடிக்கிட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு டப்பாவைப் பிடிச்சுக் கொண்டு போயி, கருப்புப் பாறை ஓரத்துல விட்டோம். போறதுக்கு முன்னாடி உங்களையும் கூப்பிடத்தான் வந்தேன்... நீங்க போன்ல பேசிட்டே கையைக் காட்டி, அப்புறம் அப்புறம்னீங்க. ரிப்பேருன்னா ஓடிப் போறீங்க, தொலைஞ்சு போச்சுன்னா இறங்கித் தேடுறீங்க, சும்மா கூப்பிட்டா மட்டும் வர மாட்டேங்கிறீங்க. அதான் காணோம்னு சொன்னேன். படகுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குப்பா... இப்ப சும்மாதான் கூப்பிடுறேன். வர்றீங்களா?