காருக்குச் சாம்பிராணி

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். வில்லியனூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் அவளுடைய அண்ணியும் இருந்தார்கள்.

"நேத்து காருக்குச் சாம்பிராணி போட்டேன்" என்றாள் அண்ணி.

"இன்னா அண்ணி, எம்புள்ளைக்கு முன்னாடி காருக்கா?"

"சிரிக்காதடி. மழ வந்தா கண்ணாடி பூரா ஆவி புடிச்சிக்கினு ரோடே தெரியல. நாளைக்கு உன்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். உங்கண்ணன், பழைய வண்டி, வித்துடலாம்னுது. நான் வுடல. வண்டிக்குள்ள கால்மிதியத் தூக்கினா அடியில தண்ணி நிக்குது. கதவு ரப்பர் கிழிஞ்சி மழத்தண்ணி எறங்கியிருக்கு, அந்த ஈரந்தான் கண்ணாடில ஆவியா புடிக்குது. புது ரப்பர் வாங்கி நானே போட்டுட்டேன். கால்மிதி மாடில காயுது, அதான் இன்னிக்கு பஸ்ஸு."

"அப்ப சாம்பிராணி?"

"அது ஈர நாத்தத்துக்கு. உனக்குத்தான் வாந்தி வருமே."

கர்ப்பிணி பையிலிருந்து போனை எடுத்தாள்.

"கார நெனச்சி பயந்துபோயி ஆட்டோ சொல்லி வெச்சிருந்தேன் அண்ணி. வேணாம்னு சொல்லிடறேன்."

அந்த அண்ணியை ஒரு வார்த்தை பாராட்ட ஆசை. அதற்குள் என் நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை நல்ல மழை. பழைய வெள்ளைக் கார் ஒன்று எங்கள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போனது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே அந்த அண்ணி, கர்ப்பிணி இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது.