பூசையில் இருந்த அலன் கீ

எனது பெயர் டில்லிபாபு, வயது 68, த/பெ பெரியசாமி. ஒரகடம் அருகே செரப்பனஞ்சேரியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். மாடி அறைகளைக் கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இருபத்தாறு வருடம் அசெம்பிளி லைனில் போல்ட் முடுக்கியவன். ஐ.டி.ஐ. படித்ததில்லை, பார்த்துக் கற்றேன்.

மேற்படி அறையில் தங்கியிருக்கும் தென்காசிப் பக்கத்துப் பெண் பாண்டிச்செல்வி, வயது 22, சுவர் ஏறும் போட்டிக்குப் பழக இடம் கேட்டதால், கடந்த ஆனி மாதம் பின்புறம் பத்தடி உயரத்துக்குப் பிளைவுட் சுவர் கட்டினேன். கையும் காலும் வைக்கும் மரப்பிடிகள் முப்பத்து நான்கும் நானே செதுக்கியவை. பலகையின் பின்னால், மரத்தைக் கவ்வும் பல் நட்டை அடித்து இறக்கி, முன்னால் பிடியை வைத்துப் போல்ட்டை அலன் கீ என்னும் அறுகோணச் சாவியால் முடுக்கினேன். அதன் பிறகு லைனில் செய்வது போலவே போல்ட்டின் தலையிலிருந்து பிடி வரை மார்க்கரால் மஞ்சள் கோடு இழுத்தேன். போல்ட் நகர்ந்தால் கோடு முறியும். மூன்று மாதம் ஒரு கோடும் முறியவில்லை.

02.10.2025 விஜயதசமியன்று மாலை ஐந்து மணியளவில் பதினேழாம் பிடி கையோடு சுழன்று பாண்டிச்செல்வி கீழே விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு அவளை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டர் குமாரவேல் தெருவில் நின்று, "இன்னா பெருசு, ஆணி அட்ச்சிக்கினு இஞ்சினியர் வேல பாக்குறியா? பொண்ணு கை போச்சு பாரு. பலகைய பிரிச்சு அடுப்புல வையி" என்றார். நான், "ஆணின்னு சொல்லாத. அது போல்ட்டு. போல்ட்டுக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாதவன்லாம் என் பலகைய பேசக் கூடாது" என்றேன். சுவரைப் பிரிக்க வேண்டும் என்று அவர் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளார்.

அதன் பிறகு பிடியைப் பார்த்தேன். கோடு முறிந்திருந்தது. கழற்றினேன்; பிடிக்கும் பலகைக்கும் நடுவே சந்தனம் காய்ந்திருந்தது. கழற்றாமல் அங்கே சந்தனம் போகாது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். பாண்டிச்செல்வி, "ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழட்டிக் கழுவிப் பொட்டு வைக்கணும்னு நீங்கதான சொன்னீக தாத்தா? அஞ்சு பிடிதான் கழட்டுனேன். திருப்பி முடுக்கச் சாவி பூசையில இருந்துச்சு. சாமி முன்னால இருக்கதத் தொடக் கூடாதுன்னுட்டு கையாலயே முடுக்குனேன்" என்றாள்.

சாவியைப் பூசையில் வைத்தவன் நான். எடுக்கக் கூடாது என்று சொன்னவனும் நான். பூசைக்கு மறுநாள் விஜயதசமியன்று, "இன்னிக்குத் தொட்டா தொலங்கும், ஏறும்மா" என்று கோடுகளைப் பார்க்காமல் ஏற்றிவிட்டவனும் நான்தான். குற்றம் என்றால் அதை என் பேரில் எழுதிக்கொள்ளலாம். பலகையின் பேரில் எழுதக் கூடாது. அந்தப் பெண்ணின் பேரிலும் கூடாது. இன்று காலை முப்பத்து நான்கு போல்ட்டையும் மறுபடி முடுக்கிப் புதுக் கோடு இழுத்திருக்கிறேன். யாரும் வந்து பார்க்கலாம். சுவரைப் பிரிக்கச் சம்மதிக்க மாட்டேன். கை கூடியதும் அவள் ஏற வேண்டும்.

காவலர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். "பலகையின் குறைபாட்டால்" என்றிருந்த வரியை அடிக்கச் சொல்லி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மை.

(ஒப்பம்)
பெ. டில்லிபாபு
04.10.2025