மூணாவது பேரிக்காயின் நிழல்

சின்னவள்: கேட்டவருக்குப் பதில் சொல்லாம எப்படிக்கா பஸ்ஸுல...

பெரியவள்: கையைக் காட்டியிருக்கலாம்ல. வாயைத் திறந்தே, நிறம் போச்சு.

சின்னவள்: ஒண்ணும் போகல. உள்ளயே பத்திரமா இருக்கு. கண்டக்டர் எங்க இறங்கணும்னு கேட்டாரு, சொன்னேன். அவ்வளவுதான்.

பெரியவள்: அவ்வளவுதானா?

சின்னவள்: ...பக்கத்துல இருந்த அம்மா மணி கேட்டாங்க.

பெரியவள்: ஆக ரெண்டு பேச்சு. மியூசியத்துல படத்தைப் பார்த்துட்டுக் கிளம்பினா, வீடு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசக்கூடாது. வந்ததும் முதல்ல என்கிட்டதான் நிறத்தைச் சொல்லணும். அதுதானே நமக்குள்ள பேச்சு? என் முட்டி மட்டும் அந்தப் படிக்கட்டு ஏற விட்டா உன்னை எதுக்குக் கெஞ்சறேன்.

சின்னவள்: போட்டோ எடுக்க விட்டா இந்தக் கூத்தே வேண்டாம்.

பெரியவள்: போட்டோவுல அந்த ஓவியரோட நிறம் செத்துப்போகும். அந்தப் படத்தைத் துணியில தைக்க உருவமெல்லாம் எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்கு, நிறம்தான் நழுவுது. சரி, உக்காரு. துணியை விரிச்சுட்டேன், தூரிகையும் நனைச்சாச்சு. மூணாவது பேரிக்காயோட நிழல். சொல்லு.

சின்னவள்: கறுப்பு இல்லக்கா.

பெரியவள்: அது எனக்கும் தெரியும். அந்த மனுஷன் நிழலுக்குக் கறுப்பைத் தொட்டதே கிடையாது.

சின்னவள்: அடிபட்ட இடம் ஆறிக்கிட்டு வரும்போது விளிம்புல ஒரு ஊதா தெரியுமே... அது. ஆனா பக்கத்துல இருக்கற ஜாடியை நெருங்க நெருங்கச் சூடாகுது.

பெரியவள்: சூடாவா?

சின்னவள்: செம்பு கலந்த மாதிரி. காய் பாதி ஒளிஞ்சுக்கிட்டு நிக்குதுல்ல, ஜாடியோட வயிறு கொஞ்சம் வெளிச்சத்தை அது மேல திருப்பி விடுது. பயப்படாதே, நான் இருக்கேங்கிற மாதிரி.

பெரியவள்: இரு, இரு... துணி சாயத்தைக் குடிச்சிடுது. இதுவா?

சின்னவள்: இன்னும் மங்கல்.

பெரியவள்: இது?

சின்னவள்: ...ஆமா. அதுவேதான்.

பெரியவள்: ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு, காயட்டும். ...ம், போதும். கத்தரியைக் குடு.

சின்னவள்: ஓரம் மடிக்கலையா?

பெரியவள்: நிழலுக்கு ஏதுடி ஓரம்? பிசிரோடயே வச்சுத் தைக்கணும். தள்ளு, வெளிச்சத்துல நிக்காதே.

சின்னவள்: அக்கா...

பெரியவள்: ம்.

சின்னவள்: காய் உக்காந்துடுச்சு. இத்தனை நாள் மிதந்துக்கிட்டு இருந்துச்சு. இப்பப் பாரேன், எடை வந்துடுச்சு. வெறும் துணிதானே அது?

பெரியவள்: பேசாதே. கொஞ்ச நேரம் பார்ப்போம்.

சின்னவள்: எனக்குப் பயமா இருக்குக்கா.

பெரியவள்: எனக்கும்தான். தொட்டா கனியும்போல இருக்கு.

சின்னவள்: அந்தப் பயம் இல்ல. போன மாசம் இந்த ஜாடியை என்ன பண்ணினே? பத்து நாள் தைச்சதை, நீலம் அவரோடது இல்லன்னு ஒரே மூச்சுல பிரிச்சே.

பெரியவள்: அவரைக் கும்பிட்டுத்தான் இதை ஆரம்பிச்சேன். அவரோடது இல்லாதது இதுல எதுக்கு?

சின்னவள்: அதான்... அந்த ஊசியைக் கீழ வை. வச்சாத்தான் சொல்வேன். ...மூணு வாரமா அந்தப் படம் அங்க இல்லக்கா. வேற ஊர்க் கண்காட்சிக்கு அனுப்பிட்டாங்க, எப்ப திரும்பும்னு யாருக்கும் தெரியல. வெறுஞ்சுவரு, ஒரு ஆணி. உன்கிட்ட வந்து சொல்ல வாய் வரல. எதிர் பெஞ்சுல உக்காந்து, அந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு... நானா இட்டுக்கட்டி...

பெரியவள்: தெரியும்.

சின்னவள்: என்ன தெரியும்?

பெரியவள்: இருபது வருஷம் அது முன்னால போய்ப் போய் நின்னவ நான். அவர் வரைஞ்சதுல ரெண்டே காய்தான்.

சின்னவள்: அப்போ... போன வாரம் நான் மூணாவதைச் சொன்னப்பவே... தெரிஞ்சும் ஏன்க்கா தைச்சே?

பெரியவள்: அன்னிக்கு ராவே பிரிக்கத்தான் கத்தரியை எடுத்தேன். கை போகலடி. அவரே பார்த்திருந்தா, அடடா இதை விட்டுட்டோமேன்னு ஏங்கியிருப்பாரு. ...சொல்லு, அந்த வெறுஞ்சுவத்துல இன்னும் என்னவெல்லாம் இருக்கு?