கடைசி டீமுக்கு ஒரு புள்ளி

ஐயா,

எனக்குக் கால்பந்து ஆட வராது. ஸ்கூலில் ஒருமுறை உதைக்கப் போய்ச் செருப்புதான் பறந்தது. பார்க்கப் பிடிக்கும். பார்த்ததைப் புள்ளியாக்கி வைப்பது அதைவிடப் பிடிக்கும்.

என் பெயர் நந்தகுமார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் தரம் பார்க்கிற வேலை. சூளையிலிருந்து வருகிற ஃபியூஸ் கட்டைகளை விரலால் சுண்டிப் பார்ப்பேன். விரிசல் விட்டதில் சத்தம் செத்துப்போயிருக்கும். அதைப் பின்பக்கத்துக் குவியலில் போட்டுவிடுவேன். யார் செய்தது என்று பார்ப்பதில்லை.

நம் பக்கத்து காலேஜ் டீம்களை வரிசைப்படுத்துவதும் அப்படித்தான். ஜெயித்தால் ஐந்து புள்ளி. சமமாக முடிந்தால் இரண்டு. ஆட்டம் பாதியில் நின்றுபோனால் ஆளுக்கு ஒன்று. கீழே இருக்கிற டீம் மேலே இருக்கிற டீமை ஜெயித்தால், எத்தனை இடம் வித்தியாசமோ அத்தனை புள்ளி கூடுதல். கடலூர், சிதம்பரம் பக்கம் கிழக்குப் பிரிவு. விருத்தாசலம், வேப்பூர், திட்டக்குடி பக்கம் மேற்குப் பிரிவு. பிரிவுக்கும் சராசரி போட்டு எது மேலே என்று எழுதுவேன். திங்கட்கிழமை ஆனால் கொளஞ்சியப்பன் டீக்கடைக் கரும்பலகையில் வரிசை வந்துவிடும். பி.டி. வாத்தியார்களே பைக்கை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த வருஷக் கோப்பை கிழக்குக்குத்தான் என்று ஆரம்பத்திலேயே பலகையின் தலையில் எழுதியிருந்தேன்.

என் அக்கா அம்சவல்லியின் மகன் சேரன், வேப்பூர் பக்கத்து காலேஜுக்கு கோல்கீப்பர். என் வரிசையில் அந்த டீம் கடைசி. நான் சாப்பிடுவது அக்கா வீட்டில். சோறு போடும்போது ஒருநாள் கேட்டாள்: "ஏன்டா தம்பி, புள்ளையோட டீமுக்கு நாலு புள்ளி சேத்துப் போட்டா என்னா? சாக்பீஸு ஒன் கையிலதான இருக்குது?"

முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

அந்தக் கடைசி டீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது. அரையிறுதி சமமாக முடிந்து, பெனால்டிகளைச் சேரன் பாய்ந்து பாய்ந்து தடுத்துவிட்டான்; என் கணக்கில் அதற்கு இரண்டு புள்ளிதான், இடம் மாறவில்லை. ஃபைனலில் எதிரே, முதலிடத்தில் இருக்கிற சிதம்பரம் பக்கத்து டீம்.

"என்னங்க வாத்தியாரே, பலகைய அழிச்சிட்டு போண்டா வெலய எழுதிக்கட்டா?" என்றார் கொளஞ்சியப்பன். கடையே சிரித்தது.

சேரனும் அங்கே இருந்தான். "சும்மா இருங்கண்ணே, எங்க மாமாவ ஓட்டாதீங்க" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். "மாமா, எங்க பேர எழுத மேல கொஞ்சம் எடம் உட்டு வைங்க." அதை அவன் கேலியாகச் சொல்லவில்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசி டீம் முதல் டீமை ஜெயித்தால், கூடுதல் புள்ளியில் மேற்குப் பிரிவே கிழக்குக்கு மேல் ஏறிவிடும். விதியை மாற்றியிருக்கலாம். ஆனால் ஆட்டம் நெருங்கும்போது விதியை மாற்றுவது நேர்மையில்லை.

ஃபைனல் நடந்த எங்கள் ஊர் மைதானம் முன்பு பள்ளம். பட்டறைக் கழிவைக் கொட்டி மேடாக்கியது. மழை பெய்தால் பீங்கான் சில்லு மேலே வரும். ஆட்டத்தன்று காலையில் மைதானம் பார்க்கிற பக்கிரி குனிந்தபடியே நடந்து பொறுக்கி எடுப்பார். இந்த முறையும் சுத்தமாகத்தான் பொறுக்கினார். சுண்ணாம்பில் கோடு போடுவது நானாக எடுத்துக்கொண்ட வேலை. அவர் டீக்குப் போனதும் வாளியோடு இறங்கினேன். எங்கள் குவியலிலிருந்து எடுத்துப்போன சில்லுகளைக் கூர் மேலே இருக்கிற மாதிரி ஊன்றி, மண்ணைத் தள்ளி, மேலே சுண்ணாம்பு தூவினேன். ஒரு பக்கம் மட்டும் செய்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். இரண்டு கோலிலும், கோல்கீப்பருக்கு இடது கைப்பக்கம், ஒரே மாதிரி ஊன்றினேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம் பக்கத்து கோல்கீப்பர் நெட்டையன். நின்ற இடத்திலேயே பிடிப்பான். விழுந்து பிடிக்கிறவன் சேரன். இடது பக்கம்தான் அவனுக்கு வாகு. அதுவும் எனக்குத் தெரியும்.

கையோ காலோ கிழிந்து வெளியே போவான் என்று நினைத்ததாக எழுதலாம். ஆனால் அவன் தலை முன்னால் பாய்கிறவன். எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். பந்தலில் என் பக்கத்து நாற்காலி. "இவன் ஏன்டா இப்புடி உழுந்து உழுந்து புடிக்கிறான்? நின்னுகிட்டுப் புடிச்சா ஆவாதா? நீ சொன்னா கேப்பான், சொல்லேன்டா."

"அவன் ஆட்டம் அப்படிக்கா" என்றேன்.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தான். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக் கை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

பந்து தாழ்வாக இடது மூலைக்கு வந்தது. பாய்ந்தான். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டான். நல்ல தடுப்பு, நான் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு எழுந்திருக்கவில்லை. சில்லு கழுத்தில் ஏறியிருந்தது. சுண்ணாம்பு சிவப்பை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அக்கா ஓடினாள். நான் மணியைப் பார்த்தேன், ஆட்டம் நின்ற நேரத்தைக் குறிக்க வேண்டுமே. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

சில்லைச் சரியாகப் பொறுக்கவில்லை என்று பக்கிரியை உங்கள் ஸ்டேஷனில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அவரவருக்குச் சேர வேண்டியது அவரவருக்குத்தான் சேர வேண்டும். பக்கிரி தன் வேலையைச் சரியாகச் செய்தார். சேரனைக் கொன்றது நான்.

ஆட்டம் பாதியில் நின்றதால் இரண்டு டீமுக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. திங்கட்கிழமை பலகையில் எழுதிவிட்டேன். முதல் டீம் முதலில், கடைசி டீம் கடைசியில், கிழக்கு மேலே. எல்லாம் இருந்தபடியே இருக்கிறது.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த சோற்றில் எனக்கும் ஒரு தட்டு எடுத்து மூடி வைத்திருந்தாள். நீங்கள் போய்ச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஐயா: சொந்த அக்கா மகன் என்பதற்காக நான் ஒரு புள்ளிகூட மாற்றிப் போட்டதில்லை.