மதுரை வரை ஒரே ரயில்

ஹலோ... ஹலோ... ஆமாம், திருவனந்தபுரம் ஸ்ரீவராகம்தான். வக்கீல் சுந்தரராமன் ஆத்து டெலிபோன்தான்... வக்கீல் இல்லே, கோர்ட்டுக்குப் போயிட்டார். நான் எதிராத்து சாம்பசிவன். என்னைக் கூப்பிடச் சொன்னது நீர்தானே?... ஆமாம், ஆமாம், நானேதான். சொல்லும், நயினார் பிள்ளைவாள்.

என்னது, கேக்கலையா?... இங்கே நன்னாக் கேக்கறதே... நான் மெதுவாத்தான் பேசுவேன் ஓய், காரணம் இருக்கு. மெதுவாப் பேசினா உமக்குக் கேக்கலை. உரக்கப் பேசினா தெருவுக்கே கேக்கும். வக்கீலாத்து மாமி அடுக்களையிலதான் இருக்கா. இதானா, சொவத்துல ஆணியடிச்சு மாட்டின யந்திரம். தூக்கிண்டு தோட்டத்துக்கா போக முடியும்?

ம்... ம்... நாகப்பட்டணத்துலேந்து தந்தியா? என்ன சொல்றா கப்பல்காரா?... இன்னிக்கேயா!... இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளே பேர் போகலேன்னா காபினை வேற யாருக்கோ கொடுத்துடுவாளா? இது என்ன அநியாயம்? நான் போன வாரமே சொல்லியாச்சே... சொன்னேன், ஆமாம், பேர் சொல்லலை. யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். சரி... அடுத்த கப்பல்?... அதுல டெக்குதான் இருக்கா?... டெக்குன்னா திறந்த தட்டுதானே?... மதி, மதி, போறும். என் பொண்ணு திறந்த தட்டுல, அத்தனை ஜனத்துக்கு நடுவுல, பாயை விரிச்சுண்டு படுக்கவா? அந்தப் பேச்சை விடும்.

ரெண்டு பேர்தான். நானும் விஜயமும்... பினாங்கு வரைக்கும் உம்ம கப்பல். அங்கே மாப்பிள்ளை வந்து அழைச்சுண்டு போறார். அப்புறம் வேற சின்னக் கப்பல், வேற படகு... லங்காவி. ல-ங்-கா-வி. மலாய் தேசத்துல, கெடா சுல்தானோட தீவு. ஒரு தீவு இல்லே ஓய், கூட்டம் கூட்டமாத் தீவு. நாகேஸ்வரன் அங்கேதான் சர்வே ஓவர்சியர். ஒவ்வொண்ணா அளந்துண்டிருக்கார்.

எப்படி இருக்குமாமா? எல்லாம் எழுதியிருக்கார், எழுதறதுக்கென்ன. சமுத்திரத்துக்கு நடுவுல சுண்ணாம்புக் கல்லு செங்குத்தா எழும்பி நிக்கறதாம், கோபுரம் கோபுரமா. உச்சியில காடு. அடியில அலை அரிச்சு அரிச்சு, காளானுக்குக் காம்பு மாதிரி ஆயிடுத்தாம். உள்ளே குகையாம். குகைக்குள்ளே கல்லு ஆலம்விழுது மாதிரி தொங்கறதாம். இதையெல்லாம் பாத்தா விஜயம் சந்தோஷப்படுவான்னு எழுதியிருக்கார். பொண்டாட்டியை மூணு வருஷமா இங்கே விட்டுட்டு, கல்லைப் பாத்து சந்தோஷப்படுவாளாம்!... இல்லே, மனுஷர் நல்லவர்தான். அழைச்சுண்டு வாங்கோ, வாங்கோன்னு அவர் எழுதாத மாசம் இல்லே. நான்தான்... சரி, அதை விடும்.

குடிக்க ஜலமா? உண்டாம். ஒரு தீவுக்கு உள்ளேயே பெரிய ஏரி. சுத்திக் கடல், நடுவுல தித்திப்பு ஜலம். குழந்தை இல்லாதவா அந்த ஜலத்தைக் குடிச்சா குழந்தை பிறக்கும்னு அங்கே இருக்கறவா நம்பறாளாம்... அது கிடக்கட்டும், கப்பல்ல ஜலத்துக்கு என்ன வழி? அதைச் சொல்லும்... எல்லாருக்கும் ஒரே குழாயா?... ஒரு செப்புக்குடம் நான் கொண்டு வரலாமோல்லியோ? ஸ்டவ்?... ஸ்டவ் கூடாதா? அப்போ நான் எதைச் சாப்பிடறது? அவா சமையலையா?... சிரிக்காதீரும். அவலும் தயிரும் வெச்சுண்டு காசிக்கே போயிட்டு வந்தவன் நான். அவலைக் கட்டிக்கறேன். தயிருக்கு அங்கே... சரி, தயிர் வேண்டாம்.

உம்ம தங்கையா? அதே கப்பல்லயா போறா?... அவ பொறுப்பா அழைச்சுண்டு போவாள், எனக்குத் தெரியாதா. தப்பா எடுத்துக்காதீரும் பிள்ளைவாள். பெத்தவன் கொண்டு போய் விடாம, பொண்ணு யாரோடயோ வந்து இறங்கினாள்னு நாளைக்கு ஒரு சொல் வரும். நாகேஸ்வரனோட அம்மா திருநெல்வேலியில என்ன பண்ணிண்டிருக்கா தெரியுமா? வேற பொண்ணோட ஜாதகம் வாங்கியிருக்கா. ஆமாம் ஓய்! "சாம்பசிவய்யர் பொண்ணை அனுப்பப் போறதில்லை, என் பிள்ளை சன்யாசியாவா இருப்பான்"னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இந்தத் தரம் போகலேன்னா விஜயம் கதை முடிஞ்சது. மனசிலாச்சோ?

அந்தப் பக்கம் அப்படி. இந்தப் பக்கம், நான் கப்பல்ல கால் வெச்சேன்னு தெரிஞ்சா, சின்னவ சீதா கதை முடிஞ்சது. கரமனையில ஒரு இடம் ஜாதகம் பொருந்தி நிக்கறது. பையன் சர்க்கார் கச்சேரியில குமாஸ்தா. கடல் தாண்டினவா ஆத்துல கை நனைக்க மாட்டோம்கற குடும்பம்... இந்தக் காலத்துலயும் அப்படித்தான் ஓய். உங்களுக்கெல்லாம் சுலபம். எங்க வாத்தியார் திவசத்துக்கே வரமாட்டேன்னுடுவார்.

அதனாலதான் ராமேஸ்வரம்... ஆமாம், தெருவுல அப்படித்தான் சொல்லியிருக்கேன். சேது யாத்திரை. பெரியவளுக்கு சந்தான பாக்கியத்துக்கு சேது ஸ்நானம்... பொய்யா? ராமேஸ்வரத்துக்கும் நாகப்பட்டணத்துக்கும் மதுரை வரைக்கும் ஒரே ரயில்தானே, அதுவரைக்கும் பொய் இல்லே. அதுக்கு அப்புறம் யார் வந்து பாக்கப் போறா?

என்னது?... இன்னொருதரம் சொல்லும்... உம்ம கிட்டேயா? யாரு வந்து கேட்டா?... எங்க தெருவுலேந்தா?... "சாம்பசிவய்யர் போற வண்டியிலேயே எங்களுக்கும் டிக்கெட் வேணும்"னா!... எத்தனை பேர்?... பதினொண்ணா! ஐயோ, ஐயோ. யாரு, ராஜையன் ஆத்திலேயா?... கோடியாத்து ரெண்டு பாட்டிகளுமா? ஒரு பாட்டிக்கு வாசப்படி இறங்கவே ரெண்டு பேர் பிடிக்கணுமே!... நான் யாரையும் கூப்பிடலை ஓய்! போறேன்னு சொன்னேன், அவ்வளவுதான். புண்ணிய காரியம்னா கூப்பிடாமலே வருவா, அது எனக்குத் தோணாமப் போச்சு. ஆலப்புழைக்குக் கயிறு வாங்கப் போறேன்னு சொல்லியிருந்தா ஒரு குஞ்சு கூட வந்திருக்காது.

இடம் இல்லேன்னு சொல்லிடும்... சொல்ல முடியாதா? ஏன்?... ஏற்கெனவே உண்டுன்னு சொல்லிட்டீரா! உம்மை யார்... சரி. யோசிப்போம். மதுரையில ராத்திரி வண்டி மாறச்சே, நானும் விஜயமும் எப்படியாவது... இரும். இரும் ஓய். யாரோ வரா.

ஆமாம் பிள்ளைவாள், எல்லாம் ராமநாத ஸ்வாமி அனுக்கிரகம்... எனக்கு ஒண்ணும் ஆகலை, நான் சொல்றதைக் கேட்டுண்டே இரும்... வாங்கோ, வாங்கோம்மா! கரமனையிலேந்து எப்போ வந்தேள்?... ஓ, தங்கையைப் பாக்கவா. பேஷ், பேஷ். மாமி உள்ளேதான் இருக்கா... இதுவா? யாத்திரை விஷயமாத்தான். டிக்கெட் போடறவர் பேசறார்.

ஹலோ... ஒண்ணும் இல்லே ஓய். நம்ம கரமனை சரஸ்வதியம்மாள் வந்திருக்கா. நம்ம சீதாவுக்குப் பாத்திருக்கோமே, அந்தப் பையனோட அம்மா... ஆமாம். அவாளேதான்... சிரிக்காதீரும்னேனே!

என்னம்மா?... ஏரியா? நானா சொன்னேன்?... ஓ, நான் பேசினதுல அது மட்டும் அடுக்களையில மாமிக்குக் கேட்டுதா. ஆமாம், ஆமாம். சுத்திக் கடல், நடுவுல தித்திப்பு ஜலம். அது ஒரு தீர்த்தம்... இருபத்திரண்டு தீர்த்தத்துல எதுவா? அது... பேரு நாக்கு நுனியில நிக்கறது... நீங்க போயிருக்கேளா! ரெண்டு தரமா!... அப்படின்னா நீங்க பாத்திருக்க முடியாது. இது கொஞ்சம் தள்ளி. படகுல போகணும்.

என்னது?... நீங்களுமா?... இல்லே இல்லே, சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம என்ன. மூணாவது தரமும் சேது ஸ்நானம்னா கொடுத்து வெச்சிருக்கணும்... தங்கையும் வராளா. பேஷ்... பையனுமா? அவனுக்குக் கச்சேரியில லீவு... எழுதிக் கொடுத்தாச்சா!... எதுக்கும்மா? என்ன சொல்றேள்?... ஸ்வாமி சந்நிதியிலேயா?... நிச்சயதாம்பூலத்தையா?... நானும் சீதாவும் அங்கே இருக்கறதனால, ராமநாத ஸ்வாமி சந்நிதியிலேயே மாத்திண்டுடலாம்னு... சீதா எங்களோட வரதா நான்... வரா, வரா. அவ வராம என்ன.

ஹலோ, இருக்கீரா?... இரும் ஓய், தந்தியாபீஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது... எனக்குத் தெரியாதா? நீர் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் இங்கே இருந்து அசைய முடியலை, அது மட்டும் உமக்குப் புரிஞ்சாப் போதும்.

ஆமாம்மா, பெரியவளும் வரா. விஜயத்துக்காகத்தானே இந்த யாத்திரையே... ஏன்? அவ வரப்படாதா?... தாம்பூலம் மாத்தறச்சே முன்னாடி நிக்க வேண்டாம்கறேளா... ம்... யார் சொன்னா அப்படி? புருஷன் தள்ளி வெச்சவள்னு யார் சொன்னா?... நீங்க சொல்லலை, ஊர் சொல்றது. சரி... ம்... தனுஷ்கோடியில ஒரு முழுக்குப் போட்டுட்டு, சத்திரத்துலயே இருக்கட்டும்... கல்யாணத்துக்கும்... கல்யாணத்துக்கும் அவளை எங்கேயாவது அனுப்பிடணும்... ம்...

சரி.

சரின்னேன்மா. நீங்க உள்ளே போய்க் காப்பி சாப்பிடுங்கோ... இங்கேயே இருக்கேளா. சரி.

பிள்ளைவாள்... அந்த நாகப்பட்டணம் தந்தி வேண்டாம்... வேண்டாம்னா வேண்டாம். ராமேஸ்வரத்துக்கே போட்டுடும். எல்லாருக்கும். பதினொண்ணு, இவா மூணு பேர், நாங்க மூணு பேர்... நான் தெரிஞ்சுதான் சொல்றேன்... அடுத்ததுல பாத்துக்கலாம்... டெக்குதான், தெரியும்... நீர் எனக்கு நியாயம் சொல்ல வர வேண்டாம். ரெண்டு பொண்ணைப் பெத்திருந்தா உமக்குத் தெரியும். ஒருத்தி கழுத்தை நிமித்தினா இன்னொருத்தி கழுத்து... நீர் எழுதிக்கும். தந்தி வேண்டாம்னு எழுதிக்கும்...

விஜயம்?

நீ எப்போ வந்தே?... தூணுக்குப் பின்னாடி எத்தனை நாழியா நிக்கறே?... ஆத்துக்குப் போ. நான் வந்து சொல்றேன்... போன்னேனே... எதுக்குக் கையை நீட்டறே? இது உனக்குப் பேசத் தெரியாது. பெரியவா பேசிண்டிருக்கச்சே... விஜயம்! கரமனை அம்மா பாத்துண்டிருக்கா! விடு... விடுடி... டெலிபோன் கயிறு அறுந்துடும்!

கொடு இப்படி... கொடுன்னேனே... என்ன சொல்றே நீ அந்த மனுஷன் கிட்டே? தந்தி அடிக்கச் சொல்றியா? நான் வேண்டாம்னு சொல்லியாச்சு... உன் பேரையா? ஒண்ணா? ஒரு டிக்கெட்டா?... தனியா? கடல்ல? தனியாவா?

என்னம்மா, எழுந்துண்டேள்?... ஆமாம். கப்பல்தான். காதுல விழுந்தது சரிதான். நாகப்பட்டணத்துலேந்து பினாங்கு, அங்கேந்து லங்காவி. ராமேஸ்வரத்துல அப்படி ஒரு ஏரியே கிடையாது... ஆமாம், நான்தான் மறைச்சேன். என் பொண்ணை யாரும் தள்ளி வைக்கலை. மாசா மாசம் கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுதினது அவ ஆம்படையான். அனுப்பாம வெச்சிண்டது நான்... சீதா விஷயமா? அது உங்க இஷ்டம். நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லே... கிளம்பறேளா. வெயில் ஏறிடுத்து, குடை எடுத்துண்டு போங்கோ.

விஜயம்... விஜயம், கேளு. வாயைக் குழாய்க்குப் பக்கத்துல வெச்சுப் பேசு, இல்லேன்னா அவருக்குக் கேக்காது. வெறும் விஜயம்னு சொல்லாதே. மிஸஸ் நாகேஸ்வரன்னு சொல்லு. சர்வே ஓவர்சியர் சம்சாரம்னு சொல்லு. அங்கே எவனாவது காகிதத்தைப் பாத்துட்டு யாரோ எவரோன்னு நினைச்சுடப் போறான்... அழாதே. அழுதா பேரைத் தப்பா எழுதிப்பார்.

சொல்லிட்டியா?... எழுதிண்டாரா?... ஒண்ணு இல்லேடி. ரெண்டுன்னு சொல்லு... ஆமாம், ரெண்டு. ஏன் என் முகத்தைப் பாக்கறே? குழாயைப் பாத்துச் சொல்லு!... கேக்கலையாமா? கொடு. கொடு இப்படி.

பிள்ளைவாள்! ரெண்டு! என் பேரும் உண்டு! சாம்பசிவன், ஸ்ரீவராகம்!... உரக்கத்தான் பேசறேன் ஓய், தெருவே கேக்கட்டும்! ரெண்டு பேர்!... ஹலோ... ஹலோ... பிள்ளைவாள்... காதுல விழுந்துதா? ஹலோ...

எக்ஸ்சேஞ்சா? பேசிண்டிருக்கச்சே கட் ஆயிடுத்து அம்மா. சாலைக் கடைத்தெரு, கப்பல் ஏஜண்டு நயினார் பிள்ளை... ஆமாம்... மணி அடிக்கறது, எடுக்கலையா? தந்தியாபீஸுக்குக் கிளம்பியிருப்பாரோ... இன்னொருதரம் போடுங்கோ. அடிச்சுண்டே இருங்கோ. நான் வைக்கலை, இங்கேயேதான் நிக்கறேன்.

விஜயம், நீ ஏன் நின்னுண்டிருக்கே? செருப்பைப் போட்டுண்டு ஓடு. சாலைக் கடைத்தெருவுக்கு, பிள்ளைவாளைப் பிடிச்சு ரெண்டுன்னு சொல்லு. என்னைப் பாக்காதே, ஓடு!

ஹலோ... ஹலோ...