மோர்ன் லெசார் வளைவு

பேனாவை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டேன். காகிதமும் என்னுடையதுதான். முதல் தடவை இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தபோது வாக்குமூலம் எழுதிக்கொள்கிறவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் தடவை ஆள் இருந்தார், காகிதம் இல்லை. இன்றைக்கு கார்ப்பரல் அம்மா, "நீங்களே எழுதி வெச்சிட்டுப் போங்க அங்கிள், நான் ஃபைல்ல சேத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போயிருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. டிரினிடாடில் அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்தவனுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

என் பெயர் ஹரிதத் பால்கரன். மோர்ன் லெசார் கிராம கவுன்சிலுக்குப் பத்தொன்பது வருஷமாகச் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஊர் மனுக்களை எழுதுவது நான்தான்.

எங்கள் மலைக்கு ஒரே ரோடு. ஏழு வருஷத்துக்கு முன்னால் பெய்த மழையில், பெரிய வளைவில் பாதி ரோடு அப்படியே சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் ஒரு கார் மலையை உரசிக்கொண்டு போகலாம். எங்கள் நாட்டில் ரோடு உடைந்தால் முதலில் வருவது அரசாங்கம் இல்லை, மரக்கிளை. யாராவது ஒரு கிளையை வெட்டி, அதில் சிவப்புத் துணி கட்டி, உடைந்த இடத்தில் நட்டுவிடுவார்கள். அதைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். எங்கள் வளைவில் இருந்தது மூங்கில். நட்டவன் நான். துணி வெளுத்தால் மாற்றுகிறவனும் நான். காலைப் பனிமூட்டத்தில் ரோட்டின் விளிம்பு தெரியாது, துணி தெரியும்.

மனுக்கள் எழுதினேன். ஒரு கான்ட்ராக்டர் வந்து, அமைச்சர் சிரிக்கும் படத்தோடு 'பணி நடைபெறுகிறது' என்று ஒரு போர்டு நட்டார். பள்ளத்தைவிட போர்டு பெரிசு. எங்களுக்கு வரவேண்டிய சரளைக்கல் அமைச்சரின் மைத்துனர் வீட்டு முற்றத்தில் போய் இறங்கியது. முற்றம் நன்றாகவே அமைந்திருக்கிறது, நான் நேரில் போய்ப் பார்த்தேன். பிறகு வழக்கம்போல டயர் கொளுத்தி ரோட்டை மறித்தோம். டிவிக்காரர்கள் வந்தார்கள். "விரைவில்" என்றார் அமைச்சர். எனக்கு ஒரு வாரம் இருமல் வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் என் மனைவி இந்திரா. அவளுக்குப் பக்கவாதம் வந்த அன்று ஆம்புலன்ஸ் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வண்டி அகலம், தாண்டாது என்றார் ஓட்டுநர். ஊர்க் கார்களெல்லாம் காலையிலேயே வேலைக்குப் போயிருந்தன. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் அவளை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினோம். என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வளைவில் அந்தப் பிடி விட்டுப்போனது. நாற்காலியை இறக்கிவைக்க எனக்கு மனசு வரவில்லை, வெறுமனே சுமந்துகொண்டு நின்றேன். செய்தித்தாளில் பதினேழாம் பக்கத்தில் இரண்டு வரி போட்டார்கள், அதிலும் வயது தப்பு.

அந்த இரண்டு வரியைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வயசான பெண்பிள்ளை செத்தால் இந்த நாட்டில் ரோடு வராது. கோபத்தில் சொல்லவில்லை, பல மாதம் நிதானமாக யோசித்துச் சொல்கிறேன். அப்படியானால் யார் செத்தால் வரும்? வீடு வீடாக நினைத்துப் பார்த்தேன். ரம் கடை வின்ஸ்டன் போனால் அவன் வாடிக்கைக்காரர்களைத் தவிர யாரும் அழ மாட்டார்கள். பாதிரியாருக்கு எண்பது வயது, அவர் போனால் 'காலம் வந்துவிட்டது' என்பார்கள். சின்னப் பிள்ளைகளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை.

மிச்சமிருந்தவள் மிஸ் கெசாயா. மலையடிவாரப் பள்ளியில் பாலர் வகுப்பு டீச்சர், முப்பத்தொரு வயது. எங்கள் பகுதியில் அரைவாசிப் பிள்ளைகள் அவளிடம்தான் பென்சில் பிடிக்கக் கற்றார்கள். போட்டோவில் நன்றாக இருப்பாள். இந்திரா போன பிறகு ஒன்பது நாள் எனக்குச் சோறு கொண்டுவந்தவளும் அவள்தான். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தம் இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன். அது பழிவாங்கல் ஆகிவிடும்.

ஒரு சனிக்கிழமை ரோடு இலாகா லாரி ஒன்று வளைவுவரை வந்தது. ஆட்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு குவியல் கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேலை தொடங்கிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான் வளைவுக்குப் போய் மூங்கிலைப் பிடுங்கினேன். சுலபமாகத்தான் வந்தது. ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி அவளுடையது.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. மூன்று நாள் எல்லா சேனலிலும் அவள் முகம். சவ அடக்கத்துக்கு அமைச்சர் வந்து, கைக்குட்டையை எடுத்து அழுதார். பதினோராவது நாள் தடுப்புச் சுவரோடு புது ரோடு தயார். திறப்பு விழாவில் நன்றியுரை வாசித்தது செயலாளர் என்ற முறையில் நான்தான். கையும் தட்டினார்கள்.

கெசாயாவின் அம்மா யூலாலி ஞாயிறுதோறும் எனக்கு சூப் கொண்டுவருவாள். மகள் செய்ததைத் தான் விடக்கூடாது என்பாள். ஒரு நாள் கேட்டாள்.

"ஹரி, அந்த மூங்கில நீங்கதானே பாத்துக்கிட்டிருந்தீங்க. யாரு புடுங்கியிருப்பா?"

"லாரிக்காரனுங்களா இருக்கும்."

"பள்ளத்துல ஒரு கல்லையும் எடுத்துப் போடல, இருந்த ஒண்ணையும் புடுங்கிட்டுப் போயிருக்கானுங்க. அவனுங்க பெத்த வயிறு எப்படித்தான் தாங்குதோ" என்றாள். அப்புறம் நான் தின்ற கிண்ணத்தை வாங்கிக் கழுவிவைத்துவிட்டுப் போனாள். அன்று இரவு நாலைந்து தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன். சூப்பில் மிளகாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் பெய்த முதல் மழையில் சுவர் சரிந்தது. வெளிப்பக்கம் ஒரு விரற்கடை சிமெண்ட், உள்ளே முழுக்கச் செம்மண். சுவரைக் கட்டியவர் அமைச்சரின் மைத்துனர். அதே பாதி ரோடு, அதே பள்ளம். யூலாலி குடையை விரிக்காமல் மழையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தானா ஹரி?" என்றாள். அவள் மகளின் உயிரையும் இவர்கள் தின்றுவிட்டார்கள். அதைத் தாங்க முடியாமல்தான் இங்கே வந்தேன். யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நான் செய்தது மூங்கிலைப் பிடுங்கியது மட்டும்தான் என்று இதுவரை வாசித்தவருக்குத் தோன்றலாம். முழு உண்மை எழுதவேண்டும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். அன்று காலை நான் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. பனியில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அவள் வளைவுக்கு முன்னாலேயே காரை நிறுத்திவிட்டாள். துணி தெரியாததால் நிறுத்தியிருக்கிறாள், கவனமான பெண். என்னைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"குட் மார்னிங் அங்கிள். என்ன, உங்க மூங்கிலக் காணோம்? ரோடு போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க மகளே. நேரா போலாம்."

"அப்பாடா. ஆண்ட்டி இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றாள்.

நான் கையை வீசி வழி காட்டினேன். அவள் என்னை நம்பினாள். அவ்வளவுதான் என் பங்கு. மற்றதையெல்லாம் செய்தது அரசாங்கம்.