பாக்குரி தீவுப் படகில் முப்பது இடங்கள்

பெயர்: ஜுசிலேனி மொன்தேய்ரோ. வயது: 33. கணவர் பெயர்: எத்வான். தொழில்: நகராட்சி மருத்துவமனையில் பதிவு எழுத்தர். விலாசம்: ஐஸ் ஃபாக்டரி குடியிருப்பு, ஆற்றங்கரைத் தெரு, போர்த்தோ மிரிச்சி, பாரா மாநிலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடனும் ஒரு மகளுடனும் குடியிருந்து வருகிறேன். என் கணவர் ஒஸ்மரீனோ பந்தோஜா என்பவருக்குச் சொந்தமான ஐஸ் ஃபாக்டரியில் மெக்கானிக்காக வேலை செய்கிறார். நாங்கள் குடியிருக்கும் வீடும் அந்த ஃபாக்டரியைச் சேர்ந்ததுதான். ஒஸ்மரீனோ எங்கள் பங்குக் கோயில் திருவிழாக் கமிட்டியின் தலைவர். நான் அதன் செயலாளர்.

எங்கள் ஊரில் ஆண்டுதோறும் ஜூன் கடைசியில் புனித இராயப்பர் திருவிழா நடக்கும். அன்று சுரூபத்தைப் படகில் ஏற்றி, ஆற்றில் பவனியாகப் பாக்குரி தீவுக்குக் கொண்டுபோய், அங்குள்ள சிற்றாலயத்தில் பூசை முடித்து, மீன் வறுவலும் ஆட்டமும் பாட்டுமாக இருந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவது வழக்கம். சுரூபம் போகும் படகு ஒஸ்மரீனோவுடையது. அந்தப் படகில் ஏறத்தான் எல்லாரும் முண்டியடிப்பார்கள். போன வருடம் அந்த நெரிசலில் ஒரு கர்ப்பிணிப் பெண் படகுக்கும் துறைக்கும் இடையில் விழுந்து கால் முறிந்துபோனாள். அதன் பிறகு துறைமுக அலுவலகத்தார், ஏறுகிறவர்களின் பெயர்கள் முன்கூட்டியே கையில் இல்லாமல் இனி அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பேரில் பிப்ரவரி மாதம் பங்கு மண்டபத்தில் கமிட்டி கூடியபோது, ஆன்லைனில் டிக்கெட் கொடுக்கும் திட்டத்தை நான் முன்வைத்தேன். படகில் ஏற்றக்கூடியது நூற்றிருபது பேர். டிக்கெட் எடுக்கும்போதே பெயரும் வயதும் பதிவாகிவிடும், இடம் தீர்ந்ததும் பக்கம் தானாக மூடிக்கொள்ளும், துறையில் போனில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஒவ்வொருவராக ஏற்றலாம் என்று விளக்கினேன். ஒஸ்மரீனோ உடனே சம்மதித்தார். எங்கள் கோயில் உபதேசியார் ஃபிர்மீனோ கோன்சால்வெஸ் மட்டும் மறுத்தார்.

ஃபிர்மீனோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பங்குத்தந்தை மாதம் ஒரு முறைதான் வருவார். மேல்கை என்று நாங்கள் சொல்லும், ஆற்றின் மேல்நீரோட்டத்தில் உள்ள குடியிருப்புகளுக்குத் துடுப்புப் படகில் போய் செபம் சொல்வதும், நோயாளிகளைப் பார்ப்பதும், இறந்தவர்களை அடக்கம் செய்வதும் இந்த உபதேசியார்தான். அவர் யாரையும் மதித்துப் பேசுகிறவர் அல்ல. கூட்டத்தில் எழுந்து, "இராயப்பர் கையில சொர்க்கத்துச் சாவி இருக்குன்னு நாற்பது வருஷமா சொல்லிட்டு இருக்கேன். இனிமே அவரும் வாசல்ல நின்னு, 'போனைக் காட்டு'ன்னுதான் கேப்பாரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்குப் போன் பிடிக்கலைன்னா ஊர்ப் பொம்பளைங்க ஆத்துல விழணுமா, உபதேசியாரே?" என்று கேட்டேன். அதற்கு அவர், "எனக்குப் பிடிக்கும் ஆபீசரம்மா. மேல்கையில சிக்னலுக்குத்தான் எங்களைப் பிடிக்கலை" என்றார்.

அதன் பிறகு ஒஸ்மரீனோவே ஒரு வழி சொன்னார். தொண்ணூறு இடங்களை ஆன்லைனில் வைப்பது, முப்பது இடங்களை மேல்கைக்காரர்களுக்கென ஒதுக்கி அட்டையாக உபதேசியாரிடம் கொடுப்பது, அட்டை வாங்கியவர்களின் பெயர்களை அவர் எனக்குச் சொல்லி நான் பதிவில் ஏற்றுவது என்று முடிவானது. இந்த முடிவு கமிட்டியில் இருந்த அனைவருக்கும் தெரியும். அட்டைகளில் கோயில் முத்திரை குத்தி உபதேசியாரிடம் கொடுத்தவர் ஒஸ்மரீனோதான். அன்று முதல் எனக்கும் உபதேசியாருக்கும் காரியம் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

மே மாதம் பக்கத்தைத் திறந்தேன். எதிர்பார்த்ததைவிட வேகமாக இடங்கள் தீர்ந்தன. பெலெம் நகரத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் எடுத்திருந்தார்கள். அதன் பிறகு ஒஸ்மரீனோ மருத்துவமனைக் கவுண்டருக்கு நேரில் வந்து, இன்னும் முப்பது இடம் திறக்கச் சொன்னார். அவை உபதேசியாரிடம் உள்ள இடங்கள் என்றேன். "இந்த மழையில மேல்கையிலேர்ந்து எவன் வரப்போறான்? பெரியவரு அட்டையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டாரு" என்றார்.

நான் உபதேசியாருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி விசாரித்தேன். அவர் ஊருக்குள் வந்த அன்று பதில் அனுப்பினார். "திருப்பிக் கொடுத்தேனா? எவன் சொன்னது? அத்தனையும் கொடுத்து முடிச்சாச்சு. மேல்கையில புதுத்துணி தைச்சுட்டு இருக்காங்க." இதை நான் ஒஸ்மரீனோவிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி, ரெண்டாவது படகை விடுறேன். மேல்கை ஜனம் அதுல வரட்டும். நீ திற, தங்கச்சி" என்றார். இரண்டாவது படகு வருவதாக இருந்ததால்தான் நான் அந்த முப்பது இடங்களைத் திறந்தேன். உபதேசியாருக்கும் அதைத் தெரிவித்தேன். அவர் ஒத்துக்கொண்டார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் உபதேசியார் அட்டைக்காரர்களின் பெயர்களை ஒரே வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினார். பதிவில் இடம் இல்லாததால், இரண்டாவது படகுக்கென்று தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று அதை அப்படியே வைத்திருந்தேன்.

திருவிழா அன்று காலை நான் துறையில் ஏறுபலகை அருகே நின்று ஒவ்வொருவருடைய போனையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். தள்ளுமுள்ளு இல்லை. கைக்குழந்தைக்காரிகள்கூட நிதானமாக ஏறினார்கள். போன வருடம் கால் முறிந்த பெண் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஏறினாள். கடைசி ஆளும் ஏறியதும் என் போனில் எல்லாப் பெயரும் பச்சையாகிவிட்டது. நான் ஏறுபலகையின் சங்கிலியை மாட்டினேன்.

அப்போது மேல்கைக்காரர்கள் உபதேசியாருடன் துறையில் நின்றுகொண்டிருந்தார்கள். விடியுமுன்னரே துடுப்புப் போட்டுக் கிளம்பி வந்தவர்கள். இரண்டாவது படகைக் காணவில்லை. உபதேசியார் ஒஸ்மரீனோவிடம், "நாம பேசினது ரெண்டு படகு" என்றார். ஒஸ்மரீனோ, "அது தீவுல பாட்டுக்காரங்களோட ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிட்டு இருக்கு. அது திரும்பி வர்ற வரைக்கும் இராயப்பர் வெயில்ல காயணுமா? இதுலயே ஏறச் சொல்லுங்க" என்றார். உபதேசியார், "முடியாது. காத்திருக்கோம். எங்களுக்குக் காத்திருந்து பழக்கம்தான்" என்று சொல்லித் தன் ஆட்களை உட்காரச் சொன்னார். அவர்களும் துறைப் பலகையில் உட்கார்ந்தார்கள்.

ஒஸ்மரீனோ மைக்கை வாங்கி, "மேல்கை ஜனமெல்லாம் ஏறுங்க! பாதிப் பேரை விட்டுட்டுப் போறதுக்கு இராயப்பர் என்ன பஸ் கண்டக்டரா?" என்றார். படகில் இருந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள், வாருங்கள் என்று கையசைத்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கணக்கு முடிஞ்சுபோச்சு, ஆள் ஏத்தக் கூடாது" என்றேன். அவர், "திருவிழா நாளும் அதுவுமா ஆஸ்பத்திரிக் கவுண்டர் மூஞ்சியைக் காட்டாதே" என்று சொல்லி என் கையை விலக்கி, தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றினார். இதைத் துறையில் நின்ற பலர் பார்த்தார்கள்.

அவர்கள் ஏறிய பிறகு உபதேசியார் கடைசியாகப் பலகையில் கால் வைத்தார். நான், "நீங்களாவது நில்லுங்க" என்றேன். "நான் கூப்பிட்டு வந்த ஜனம். கரையில நின்னு கையாட்டச் சொல்றியா?" என்றார். அவர் கையில் அட்டை இல்லை. தனக்கென்று ஒன்று எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் கொடுத்திருந்தார்.

கீழ்த்தளம் போதாமல், முதலில் இடம் ஒதுக்கப்பட்டவர்களான மேல்கைக்காரர்கள் மேல்தளத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நான் ஏறாமல் துறையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகு வளைவில் திரும்பும்போது தீவிலிருந்து வாணவேடிக்கை விட்டார்கள். மேல்தளத்தில் இருந்தவர்கள் அதைப் பார்க்க ஒரே பக்கமாக வந்தார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்துவிடும் என்று நினைத்தேன். அது நிமிரவில்லை. கொஞ்ச நேரம் வரைக்கும் பாட்டு மட்டும் தீவிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது, அங்கே யாருக்கும் தெரியவில்லை.

மீன்பிடிப் படகுகள் போய் ஆட்களைத் தூக்கின. படகின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள எஞ்சின் அறையில் இருந்த என் கணவர், ஜன்னல் வழியாக வெளியே வந்து இரண்டு பிள்ளைகளைக் கரை சேர்த்தார். இறந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களை மீன் சந்தைக் கொட்டகையில் கிடத்தினார்கள். ஆன்லைனில் எடுத்தவர்களின் சொந்தக்காரர்கள் வந்து கேட்டபோது பதிவைப் பார்த்து என்னால் பெயர் சொல்ல முடிந்தது. மேல்கைக்காரர்களை ஊருக்குள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. உபதேசியாருக்குத்தான் தெரியும். அவரையும் அங்கேதான் கிடத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு நான் அவருடைய வாய்ஸ் மெசேஜைச் சத்தமாக வைத்தேன். அவர் குரலில் ஒவ்வொரு பெயரும் வர வர, பிழைத்தவர்களில் ஒரு மேல்கைக்காரர் கூடவே நடந்து, "இது" என்று கை காட்டினார், அல்லது "இருக்கா, கரையில இருக்கா" என்றார். நடுவில் உபதேசியார் இப்படிச் சொல்கிறார்: "சேவரினா. அவ கைக்குழந்தை. பேரு இன்னும் வைக்கலை, நாளைக்குத் தீவுல ஞானஸ்நானம். எழுதும்போது இடம் விட்டு எழுது ஆபீசரம்மா." நான் அதை நிறுத்தி மறுபடி வைக்கவில்லை. அந்த மெசேஜ் இப்போதும் என் போனில் இருக்கிறது. போனை ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

மறுநாள் ஒஸ்மரீனோ ரேடியோவில் பேசினார். உபதேசியார் கமிட்டிக்குத் தெரியாமல் அட்டை அடித்து ஆள் சேர்த்துவிட்டார் என்றும், சாமி காரியம் என்று தான் வாய் மூடி இருந்துவிட்டதாகவும் சொன்னார். அதன் பிறகு உபதேசியார் வீட்டுக் கதவில் யாரோ கொலைகாரன் என்று தாரால் எழுதினார்கள். அடக்கத்தின்போது பெட்டி தூக்க ஊரில் ஆள் வரவில்லை. அவர் மகள் ரோசினில்தாவும், மேல்கையிலிருந்து வந்த மூன்று பேரும், நானும் தூக்கினோம். அந்த மூவரில் ஒருவர் சேவரினாவின் கணவர். ரோசினில்தா அவரிடம், "உங்களுக்கு எங்க அப்பா மேல கோபம் இல்லையா?" என்று கேட்டாள். அவர், "அவருதான் எங்களை உக்காரச் சொன்னாரு. எழுந்தது நாங்கதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒஸ்மரீனோவின் வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த வாக்குமூலம் ஒன்றை என்னிடம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். அட்டைகளைப் பற்றிக் கமிட்டியில் பேச்சே நடக்கவில்லை என்றும், சங்கிலியைக் கழற்றியவர் உபதேசியார் என்றும் அதில் இருந்தது. படித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது அவர் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து, "நல்ல வீடு, காத்தோட்டமா இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு என் கணவர், "கையெழுத்தைப் போட்டுடு ஜுசி. செத்தவருக்கு இனி என்ன ஆகப்போகுது? உனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாதே" என்றார். ஆகாதுதான் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். "ஆகாதவங்க மேல பொய் சொல்றது ரொம்பச் சுலபம். அதான் பயமா இருக்கு" என்றேன். இன்று காலை நான் கிளம்பியபோது அவர் மோட்டார் சைக்கிளை எடுத்து வந்து நிறுத்தி, ஏறச் சொன்னார். இப்போது இந்தக் காவல் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வர மறுக்கிறார். அவர் படகில் என்ன கேட்டார், என்ன பார்த்தார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளவும். அவருக்காக நான் எதையும் சொல்லவில்லை.

இந்த வாக்குமூலம் முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டாம் பக்கத்தில், கடைசியாக மேல்தளத்துக்கு அனுப்பப்பட்டவர்களை அதிகாரி 'கூடுதலாக ஏறியவர்கள்' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'முதலில் இடம் ஒதுக்கப்பட்டவர்கள்' என்று எழுதும்படி கேட்டேன். சட்டப்படி அர்த்தம் ஒன்றுதான் என்று அதிகாரி சொன்னார். ஒன்றல்ல என்று சொன்னேன். அவ்வாறே திருத்தப்பட்டது. திருத்திய இடத்தில் நானும் சிறு கையெழுத்து இட்டிருக்கிறேன்.

யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். இவை உண்மை.

(ஒப்பம்) ஜுசிலேனி மொன்தேய்ரோ